கடல் கதையும் ஐந்து மதிப்பெண்ணும்

ஆசிரியருக்கு,

வணக்கம். பிள்ளைகளிடம் கதை படிக்கும் பழக்கமே போய்விட்டது என்று உங்கள் பக்கத்தில் அடிக்கடி கடிதம் வருகிறது. படிக்க வைக்கிற நாங்கள் என்ன செய்கிறோம் என்பதையும் சொல்லலாமே என்று தோன்றியது. நான் வடசென்னையில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுப்பவள்.

இந்த ஆண்டு துணைப்பாடமாக ஒரு கடற்பயண நாவல். பாய்மரப் படகு, புயல், அதில் மாட்டிக்கொண்ட ஒரு பையன். பள்ளி திறக்கும் முன் ஆங்கில ஆசிரியர்கள் ஐந்து பேர் உட்கார்ந்து பேசினோம். எந்தச் சொற்களை முன்கூட்டியே சொல்லிக் கொடுப்பது, 'இந்தக் கதைக்கும் உனக்கும் என்ன தொடர்பு' என்ற கேள்விக்கு எத்தனை மதிப்பெண் என்பதிலேயே பேச்சு சுற்றியது. நாற்பது சொல் கொண்ட பட்டியல் தயாரானது. தொடர்புக்கு ஐந்து மதிப்பெண்.

பட்டியலே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 'போர்ட்' என்றால் எங்கள் பிள்ளைகளுக்குத் துறைமுகம்தான். படகில் அது இடப்பக்கம் என்று சொல்லாவிட்டால், நடுக்கடலில் எதற்கு 'போர்ட், போர்ட்' என்று கத்துகிறார்கள் என விழிப்பார்கள். 'நாட்', அதாவது முடிச்சு, இன்னும் சுவையான சொல். அந்தக் காலத்தில் கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுப் போட்டு, நுனியில் ஒரு பலகையைக் கட்டிக் கப்பலுக்குப் பின்னால் விடுவார்கள். மணல் கடிகாரம் வடிவதற்குள் எத்தனை முடிச்சு கையை விட்டுப் போனதோ அதுதான் வேகம். ஒரு நாட், மணிக்கு 1.852 கிலோமீட்டர். சாக்பீஸ் டப்பாவில் சணல் கட்டி வகுப்பில் இழுத்துக் காட்டினேன். அந்தச் சொல்லை மறுபடி கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் என் வகுப்பில் பாதிப் பேர் காசிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளைகள் என்பது பட்டியல் போட்டபோது எனக்கே நினைவில் இல்லை. 'ரடர்' என்று பலகையில் எழுதிவிட்டு, "படகைத் திருப்புகிற பலகை" என்று இழுத்தேன். கடைசி பெஞ்சிலிருந்து "சுக்கான், மிஸ்" என்று ஒரு குரல். படகின் முன்பக்கத்துக்கு அணியம் என்றார்கள். நீரோட்டம் என்று நான் ஒரே சொல்லில் முடித்ததை, தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே வந்தால் வன்னி என்று பிரித்துக் காட்டினார்கள். ஆங்கில அகராதியில் இருக்கும் 'கேட்டமரான்' நம்ம கட்டுமரத்திலிருந்து போனதுதான் என்றதும், "அப்போ நம்மகிட்ட காப்பி அடிச்சாங்களா?" என்றான் ஒருவன். நம்முடையது கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது, அவர்களுடையது இரட்டை உடல் கொண்ட படகு, பெயர் மட்டும் போயிருக்கிறது என்று விளக்குவதற்குள் மணி அடித்துவிட்டது.

அப்புறம் அந்தத் தொடர்புக் கேள்வி. பெரும்பாலோர் பெற்றோருடன் மெரினாவுக்குப் போய் சுண்டல் சாப்பிட்டதை எழுதியிருந்தார்கள். சரி, அதுவும் கடல்தான். ஒரு பெண் மட்டும் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள். அவள் அப்பா விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15இல் தொடங்கிய 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் கடலுக்குப் போனவர், அன்றுவரை திரும்பவில்லை. பயப்பட ஒன்றுமில்லை, விசைப்படகு என்றால் நாள் கணக்கில் ஆகும். ஏன் எழுதவில்லை என்று கூப்பிட்டுக் கேட்டேன். அவள் என்னைத்தான் திருப்பிக் கேட்டாள்: "அந்தப் பையனோட அம்மா வீட்ல என்ன பண்றாங்கன்னு புக்குல எங்கேயுமே இல்லையே, மிஸ்?"

மூன்று முறை படித்த புத்தகம். எனக்கு இது தோன்றவே இல்லை. இதற்கு ஐந்துக்கு எத்தனை போடுவது? எங்கள் கரையில் 2004 டிசம்பர் 26 சுனாமி பற்றி இன்றும் வாய் திறக்காத வீடுகள் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளையிடம் 'உன் சொந்த அனுபவத்தை எழுது' என்று மதிப்பெண்ணைக் காட்டிக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

போன வாரக் கூட்டத்தில் இரண்டு மாற்றம் கேட்டேன். ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில், வீட்டில் வழங்கும் சொல்லைப் பிள்ளைகளே எழுத ஒரு காலி வரிசை. தொடர்புக் கேள்விக்கு மதிப்பெண்ணே வேண்டாம். முதலாவதற்குச் சரி என்றார்கள். இரண்டாவதற்கு மேலிடத்தில் கேட்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியை,
ராயபுரம், சென்னை.