பெடல் சுற்றிய ஐயாவுக்கும் ஊரார் எல்லாருக்கும்

அன்புக்குரிய ஊரவர்களே,

எங்கள் நாடக மன்றத்தின் நத்தார் நாடகம் நல்லபடி முடிந்துவிட்டது. கடைசி நாள் ஆட்டம் முடிந்து, இரவல் வாங்கிய கதிரைகளை ஏற்றி அனுப்பிவிட்டு வந்த கையோடு இதை எழுதுகிறேன். இன்னும் நித்திரை வரவில்லை. ஆறப்போட்டு எழுதினால் வசனம் திருத்தமாக வரலாம். மனதில் இருப்பது அப்படியே வராது.

வெள்ளத்தால் எங்களுக்கு வந்த சோதனையை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. முழங்கால் தண்ணீருக்குள் நின்று எங்கள் சாமான்களைத் தூக்கி வெளியே வைத்தவர்களே நீங்கள்தான். மேடை இல்லை, லைற் இல்லை, ஸ்பீக்கர் இல்லை, தைத்து வைத்த உடுப்பில் பாதி இல்லை என்று நின்ற அன்று பின்னேரம், "இந்த வருசம் விட்டிடுவம்" என்று எங்களுக்குள்ளேயே பலர் சொன்னார்கள். விடவில்லை. விடாமல் பிடித்தவர்கள் நீங்கள்.

கோவில் வளவைத் திறந்துவிட்ட பங்குத்தந்தை, தார்ப்பாயும் கம்பும் கொண்டுவந்து கட்டித் தந்த கடற்றொழிலாளர் சங்கத்து அண்ணன்மார், ஒரே இரவில் சட்டைகளைத் திரும்பத் தைத்துத் தந்த அம்மாமார், மேடையில் பங்கர் (பதுங்குகுழி) கட்ட உரப்பைகளில் மண் நிரப்பிய உயர்தர வகுப்புப் பெடியள், வகுப்பை நிறுத்திக் கதிரை தந்த ரியூசன் வாத்தியார், பெட்டகமும் அரிக்கன் லாம்பும் நம்பித் தந்த வீடுகள், நடிகர்களுக்கு மூன்று நேரமும் பசி தெரியாமல் பார்த்த சகோதரிகள், மழைக்குள் குடையோடு வந்து கடைசிவரை இருந்து பார்த்தவர்கள். ஒவ்வொரு பேராகச் சொல்லப் போனால் யாராவது விடுபட்டுவிடுவார்கள், அது எனக்குத் தாங்காது. எல்லாருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

இனி ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பார்த்தவர்களுக்கு யார் என்று தெரியும்.

எங்கள் நாடகம் 1993 நத்தாருக்கு முதல் நாள் இரவு, யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டு வளவுக்குள் நடப்பது. அந்த வருடத்தை வேண்டுமென்றேதான் எடுத்தோம். நவம்பர் 13 ஆம் திகதி குருநகர் புனித யாகப்பர் ஆலயத்தில் குண்டு விழுந்து, சனம் செத்து, சரியாக ஆறு கிழமையில் நத்தார் வந்தது. 1990 இல் போன கரண்ட் வரவே இல்லை. பற்றறிக்கு அரசாங்கத்தின் தடை. மண்ணெண்ணெய் தங்கம். சவர்க்காரத்துக்குப் பனம்பழம், சீனிக்குப் பனங்கட்டி, பத்திரிகைகூடக் கோடு போட்ட கொப்பித் தாளில் வந்த காலம். அப்படியிருந்தும் சனம் பாலன் குடில் கட்டியது, பிள்ளைகளுக்கு எதையாவது வெட்டிப் புதுச்சட்டை தைத்தது. அந்தப் பிடிவாதத்தைத்தான் மேடைக்குக் கொண்டுவர விரும்பினோம்.

நாடகத்தின் நடுவில் ஒரு காட்சி. ஒழுங்கைச் சனம் எல்லாம் கூடி, சைக்கிள் டைனமோவில் பாடும் பெட்டியில் நத்தார்ப் பாட்டுக் கேட்கும். பாட்டை ஸ்பீக்கரில் விடுவதாகத்தான் இருந்தது. ஸ்பீக்கர் போன பிறகு அந்தக் காட்சியையே வெட்டலாமா என்று கோவில் வளவில் நின்று கதைத்துக்கொண்டிருந்தோம்.

மதிலுக்கு அந்தப் பக்கம் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவர் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். நெற்றி நிறைய விபூதி, மடித்துக் கட்டிய சாரம். ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அடுத்த நாள் பின்னேரம் வந்து, ஒரு துணிப்பொட்டலத்தை அவிழ்த்து மேசையில் வைத்தார். உள்ளே ஒரு பழைய டைனமோ, ஈயம் வைத்து ஒட்டிய நாலு டயோட், நீளமான வயர், ஒரு றேடியோ கசெற். எல்லாம் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தது.

"தம்பி, ஸ்பீக்கர் என்னத்துக்கு? அந்த நேரம் ஆரிட்ட ஸ்பீக்கர் இருந்தது? காலாலதானே பாட்டுக் கேட்டனாங்கள்."

சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவைப் பின் ரயரில் சாய்த்து, குந்தியிருந்து கையாலேயே பெடலைச் சுற்றினார். முதலில் ஒரு முனகல். பிறகு குரல் நிமிர்ந்து வந்தது. எங்கள் நடிகர்களில் பாதிக்கு மேல் யாழ்ப்பாணச் சனம் ஊரைவிட்டுப் போன 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள். வாயைத் திறந்தபடி நின்றார்கள். சிறிய பாத்திரத்தில் நடிக்கும் பிள்ளை ஒன்று தானும் சுற்றிப் பார்க்கக் கேட்டது. அவர் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார்: "சீராச் சுத்து பிள்ளை. கூடினா பெட்டி எரிஞ்சிடும். குறைஞ்சா பாட்டு இழுபடும்."

அதோடு போயிருந்தாலே பெரிய உதவி. ஆனால் அவர் ஒத்திகை முடியும்வரை ஓரமாக இருந்து பார்த்தார். பொம்பர் (குண்டு போடும் விமானம்) வருகிற இடத்தில், தகப்பன் பாத்திரம் பாய்ந்து போய்ப் பெட்டியை நிறுத்த வேண்டும் என்று பிரதியில் இருந்தது. ஐயா என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஒருத்தரும் நிப்பாட்ட மாட்டினம் தம்பி. சுத்துறவன் விட்டிட்டு ஓடுவான். பாட்டு தானா நிக்கும்."

அவர் சொன்னபடியே செய்தோம். மேடையில் பெடியன் பெடலை விட்டுவிட்டு ஓடுகிறான். சில்லு தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பாட்டு கனத்து, தாழ்ந்து, ஒரு சொல்லின் பாதியில் நிற்கிறது. அதற்குப் பிறகு ஒரு வசனமும் இல்லை. முதல் நாள் அந்த இடத்தில் முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர், மடியில் இருந்த பேரப்பிள்ளையின் தலையைக் கையால் பொத்தியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவின் கை மட்டும் விளங்கிக்கொண்டது. இத்தனை வருடமாக நாடகம் போடுகிறேன், இப்படி ஓரிடம் எனக்கு எழுத வந்ததில்லை. எழுதித் தந்தவர் அவர்.

ஒவ்வொரு இரவும் சுற்றியதும் அவரேதான். மேடையில் பெடியன் மிதிப்பான், அந்தச் சைக்கிளில் டைனமோ இல்லை. பக்கத்துத் திரைக்குப் பின்னால் ஐயா, பெடியனின் காலைத் திரை இடுக்கால் பார்த்தபடி, அவன் வேகத்துக்கு ஈடாகச் சுற்றிக்கொண்டிருப்பார். வியர்வை முழங்கையால் வடியும். வேறு ஆளை மாற்றுவோம் என்றால் விடமாட்டார். கடைசி நாள் எல்லாரும் சேர்ந்து கும்பிட நின்றபோது மேடைக்கு வரச் சொல்லி இழுத்தோம், கையை உதறிக்கொண்டு போய் வயரைச் சுருட்டத் தொடங்கிவிட்டார்.

ஏன் இவ்வளவும் செய்கிறார் என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. இடைவேளையில் ஒருநாள், மேடைக்கென்று ஊற்றி வைத்த பிளேன்ரீயில் ஒன்றை எடுத்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு, அவராகவே சொன்னார். ஆமி இருந்த மண்டைதீவில் இருந்து வரும் ஷெல்லுக்குத் தப்பிக் குருநகர்ப் பக்கத்துச் சனம் கொஞ்சம் அவர்களின் ஒழுங்கைக்கு வந்திருந்ததாம். எல்லாரும் வேதக்காரர். அந்த நத்தாருக்கு அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று, மணிலாவில் இருந்து வரும் கத்தோலிக்க வானொலியான வெரித்தாஸின் தமிழ் நிகழ்ச்சி. ஐயா வீட்டில்தான் பெட்டி இருந்தது. நிகழ்ச்சி முடியும்வரை சுற்றியிருக்கிறார். "அவை பாடிக்கொண்டு அழுதவை. நான் சுத்திக்கொண்டிருந்தன். வேற என்ன செய்யலாம்?"

சைவக்காரர் ஒருவர், இடம்பெயர்ந்து வந்த வேதக்காரரின் நத்தாருக்காக அன்று சுற்றினார். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் வயதுப் பிள்ளைகளின் நாடகத்துக்காகத் திரும்பவும் சுற்றியிருக்கிறார். இதைப் பெரிய விஷயம் என்று அவர் நினைக்கவில்லை. அவர் நினைக்காததால்தான் நான் இங்கே இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

நாங்கள் வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் கடலிலும் ஓட்டோவிலும் வேலை செய்துவிட்டு, பின்னேரத்தில் கூடி நாடகம் பழகுகிற ஆக்கள். போர்க்காலத்தைப் பற்றிப் புத்தகத்தில் தேடுகிறோம், படங்களைப் பார்க்கிறோம். நான் சின்னப் பிள்ளையாக அந்தக் காலத்துக்குள் இருந்தவன்தான், ஆனால் பங்கருக்குள் இருந்த பிள்ளைக்குப் பெடல் சுற்றியவரின் கால்நோவு தெரியாது. அதை அறிந்தவர்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் சைக்கிளோடு நிற்கிறார்கள். எவ்வளவு காலத்துக்கு நிற்பார்களோ. ஐயாவின் ஒழுங்கையில் அன்று பாடியவர்களில் பலர் இப்போது இல்லை, சிலர் கனடாவில் என்று அவரே சொன்னார்.

ஆகவே மன்றத்தில் எல்லாருமாக இருந்து ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். அடுத்த நத்தாருக்கு ஒரு வரி எழுதமுதல், அந்தக் காலத்தில் வீடு நடத்தியவர்களிடம் போய் இருப்போம். கிளாலிக் கடலேரியால் வள்ளத்தில் போய் வந்தவர்கள், ஜாம் போத்தல் விளக்கில் படிப்பித்தவர்கள், நத்தார்ச் சாமப் பூசையைப் பகலில் கண்டவர்கள், குருநகரிலும், 1995 இல் தேவாலயத்தில் குண்டு விழுந்த நவாலியிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள். சொல்ல விருப்பமுள்ளவர்கள் சொன்னால் கேட்டு எழுதுவோம். சொல்ல விருப்பமில்லாதவர்களைக் கிண்ட மாட்டோம். எங்கள் பிள்ளைகள்தான் வருவார்கள், தயவுசெய்து கதவைத் திறவுங்கள்.

ஐயாவுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டோம். காசு வேண்டாம், பொன்னாடை வேண்டவே வேண்டாம் என்றார். டைனமோ உரசி உரசிப் பின் ரயர் தேய்ந்துவிட்டது, அதை மட்டும் மாற்றித் தரச் சொன்னார். நாளைக்குக் கடை திறந்ததும் வாங்கிப் பூட்டுகிறோம்.

இன்னுமொன்று. மேடையில் வைத்த சாமான்களில் ஒரு பெட்டகம், இரண்டு அரிக்கன் லாம்பு, ஒரு பித்தளைச் செம்பு, பூப்போட்ட மேசைவிரிப்பு ஒன்று உரியவர் தெரியாமல் கோவில் அறையில் பத்திரமாக இருக்கின்றன. பங்குத்தந்தையிடம் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டுவர ஏலாதவர்கள் சொல்லியனுப்பினால் எங்கள் பெடியள் வீட்டில் கொண்டுவந்து தருவார்கள்.

நன்றியோடு,
மன்றத்து நடிகர்கள், மேடைப் பணியாளர்கள் சார்பில்
நெறியாளர்