பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை எங்களைக் குழந்தைகளோடு விடுங்கள்

அங்கன்வாடி மேற்பார்வையாளர்களுக்கும் வட்டாரத் திட்ட அலுவலர்களுக்கும் வணக்கம்.

நான் ஓர் அங்கன்வாடி பணியாளர். ஊரில் இன்னும் பால்வாடி டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். சம்பளத்தைப் பற்றி எழுதவில்லை, அதைப் பேசச் சங்கம் இருக்கிறது. நான் கேட்பது வேறு.

1975இல் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியபோதே ஊட்டச்சத்து, தடுப்பூசி, முன்பருவக் கல்வி உள்ளிட்ட ஆறு சேவைகள். ஒரு டீச்சர், ஓர் உதவியாளர். 2021இல் மையத்து விவரங்களைப் போனில் பதிய போஷன் டிராக்கர் என்ற செயலி வந்தது. இப்போது சத்துமாவு வாங்க வரும் தாய்மாரின் முகத்தையும் போனில் பதிய வேண்டும். சிக்னல் கிடைக்காமல் ஒரு கர்ப்பிணி வாசலில் நின்றுகொண்டிருப்பார், உள்ளே பாட்டு பாதியில் நிற்கும்.

இதை எங்களில் பலர் நாங்களாகவே சரிசெய்து வருகிறோம். சத்துமாவு வாங்குபவர்களை மதியத்துக்கு மேல் வரச் சொல்கிறோம். பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில் போன் வேலையை முடிக்கிறோம். எங்கள் மையத்து உதவியாளர் அக்கா கதை சொன்னால் பிள்ளைகள் அசையாமல் கேட்பார்கள். அதனால் அவர் சீக்கிரமே காய் நறுக்கி அடுப்பு வேலையை முடித்துவிட்டு வந்து கதை சொல்கிறார், நான் பாத்திரம் ஒதுங்க வைக்கிறேன். எடை பார்ப்பதையும் ஒரே நாளில் முடிக்காமல் தினம் சில பிள்ளைகள் என்று பிரித்துவிட்டோம். அவர்களே எட்டிப் பார்த்து எண்ணைப் படிக்கிறார்கள். "பன்னெண்டு டீச்சர், புள்ளி, நாலு!" என்று கத்துகிற சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். எண் பாடமும் அங்கேயே நடந்துவிடுகிறது. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது முன்போல அலுப்பு இல்லை.

ஆனால் விசிட் என்று தகவல் வந்தால் எல்லாம் பழைய அட்டவணைக்குத் திரும்பிவிடும். சுவரில் ஒட்டியிருப்பதற்கும் நாங்கள் செய்வதற்கும் பொருந்தவில்லை என்றால் குறிப்பு எழுதிவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம். அக்காவும் கதையை விட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடுவார்.

2022இல் உச்ச நீதிமன்றம் எங்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தபோது, நாங்கள் பாடம் சொல்லித் தருவதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. அந்த மரியாதையை நீங்களும் தாருங்கள். எதையாவது மாற்றியிருந்தால் ஏன் மாற்றினீர்கள் என்று முதலில் கேளுங்கள். பிள்ளைகளுக்கு நல்லது என்று பட்டால் பார்வைப் புத்தகத்தில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்து வருகிற அதிகாரிக்கு அது போதும்.

அப்புறம், காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை வாட்ஸ்அப்பில் போட்டோவும் விவரமும் கேட்காதீர்கள். மாதக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கினால் பக்கத்து மையத்தில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வோம். அடுத்த மாதக் கூட்டத்திலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓர் அங்கன்வாடி பணியாளர்