முதுகில் எழுதிய பெயர்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவளுக்குக் கோவையிலேயே வேலை கிடைத்ததில் எனக்கும் வீட்டில் எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம். முழங்கால் வலி போய்விட்டது, ஆனால் மறுபடி ஓடத்தான் மனசு வரவில்லை என்று எழுதியிருந்தாய். சரி, அதற்குப் பதிலாகக் காம்ரேட்ஸ் ஓட்டத்தைப் பற்றியே எழுதுகிறேன். போனில் அரைகுறையாகத்தான் சொன்னேன்.

முதல் உலகப் போரில் மாண்ட தோழர்களின் நினைவாக விக் கிளாப்பம் என்ற போர்வீரர் 1921ல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய ஓட்டம் இது. நான் போன 2024ல் டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கு ஏறும் பாதை. ஏறக்குறைய 86 கிலோமீட்டர். 12 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு விநாடி பிந்தினாலும் பதக்கம் கிடையாது.

நம்பர் அட்டையை நெஞ்சில் ஒன்று, முதுகில் ஒன்று குத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். அதில் பெயரும் உண்டு. அதனால் பின்னால் வருகிறவர் முகம் பார்க்கும் முன்பே நம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுகிறார். நம் ஊர் ஓட்டங்களிலும் இதைச் செய்தால் என்ன என்று வழியெல்லாம் யோசித்தேன்.

பாதி தூரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சாலையோரத்தில் சின்ன மாடம் மாதிரி ஓர் இடம், ஆர்தர்ஸ் சீட். ஐந்து முறை வென்ற ஆர்தர் நியூட்டன் இளைப்பாறிய இடமாம். பூ வைத்துக் காலை வணக்கம் சொன்னால் மீதித் தூரம் நல்லபடியாகப் போகும் என்று நம்புகிறார்கள். என் கையில் பூ இல்லை. பக்கத்தில் வந்த ஒரு பெண்மணி தன்னிடமிருந்த காட்டுப்பூக் கொத்திலிருந்து ஒரு காம்பைக் கிள்ளி என் கையில் வைத்துவிட்டு ஓடிப்போனார். அப்புறம் அவரைப் பார்க்கவே இல்லை.

இஞ்சாங்கா ஏற்றத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஓரமாக நின்று நீவிக்கொண்டிருந்தேன். "செல்வம்! வா, வா!" என்று ஒரு குரல். டர்பன்காரர், அறுபதை நெருங்கும் வயது. 1860க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவர்களின் வம்சம். தமிழில் நாலைந்து சொற்கள்தான் மிச்சம், அதில் 'வா'வும் ஒன்று. தண்ணீர் பாக்கெட்டின் முனையைப் பல்லால் கடித்து என் காலில் பீய்ச்சினார். உப்புத் தொட்ட வேகவைத்த உருளைக்கிழங்கு ஒன்றை நீட்டி, தின்றால்தான் நகர்வேன் என்று நின்றார். அவருடைய நேரமும் ஓடிக்கொண்டிருந்தது, முருகேசா! நடந்துகொண்டே அவர் அப்பாவைப் பற்றிச் சொன்னார். 1975க்கு முன்பு வரை வெள்ளைக்கார ஆண்கள் மட்டுமே இதில் முறைப்படி ஓடலாம். அப்பா நல்ல ஓட்டக்காரராம். ஆனாலும் வருஷா வருஷம் சாலையோரத்தில் நின்று பார்த்ததோடு சரி. எனக்குப் பேச்சே வரவில்லை.

அப்புறம் எங்களை ஒரு 'பஸ்' பிடித்துக்கொண்டது. குறித்த நேரத்தில் முடிப்பதற்காகச் சேர்ந்து ஓடும் கூட்டத்துக்கு அங்கே அப்படித்தான் பெயர். டிரைவர் கொடியோடு முன்னால் போவார். அந்த விளக்குக் கம்பம் வரை நடை என்பார், மொத்தக் கூட்டமும் நடக்கும். ஓட்டம் என்பார், ஓடும். ஜூலுப் பாட்டு ஒன்றை எடுத்துவிடுவார், அர்த்தம் தெரியாத நானும் சேர்ந்து பாடினேன். தனியாக ஓடினால் எங்கள் டிரைவர் இன்னும் சீக்கிரம் முடித்திருப்பார். முன்பின் தெரியாத எங்களுக்காக அதை விட்டுக்கொடுத்திருந்தார். வேகமாக ஓடுகிறவர்களைப் பார்த்து வியந்திருக்கிறேன். இவரைப் பார்த்துக் கும்பிடத் தோன்றியது.

பாலி ஷார்ட்ஸ் என்கிற கடைசிப் பெரிய ஏற்றத்தை அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துதான் ஏறினேன். 12 மணி நேரக் கெடு முடியச் சில நிமிஷங்கள் மிச்சம் இருக்கும்போது நானும் டர்பன்காரரும் எல்லைக் கோட்டைத் தாண்டினோம். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் எவ்வளவு தூரம் ஓடினேன் என்று கேட்டுச் செய்தி அனுப்புகிறார்.

டிசம்பரில் மதுரைக்கு வருகிறாய் அல்லவா? ஷூவை எடுத்து வா. காலை ஐந்தரைக்கு ரேஸ்கோர்ஸ் மைதானம். இரண்டு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை. எண்ணுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
செல்வம்