பங்கை யார் பெயருக்கு மாற்றுகிறாய்?

அன்புள்ள செந்தில்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நீ பர்மிங்காம் கவுன்சிலுக்கு, அதாவது அந்த ஊர் நகரசபைக்கு, நிற்கப் போவதாகவும், அதற்காக உன் பட்டறைப் பங்கைத் தம்பி பெயருக்கு மாற்றப் பார்ப்பதாகவும் சித்தப்பா சொன்னார். சந்தோஷம்தான். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

உங்கள் ஊர் நடுவில் ஒரு சதுக்கமே அந்தக் கால மேயர் ஜோசப் சேம்பர்லின் பெயரில் இருக்கிறது, பார்த்திருப்பாய். 1854இல் அவர் அப்பா மைத்துனர் நெட்டில்ஃபோல்டின் ஸ்க்ரூ தொழிலில் 10,000 பவுண்டு போட்டுவிட்டு, அதைப் பார்த்துக்கொள்ள 18 வயதுப் பையனை லண்டனிலிருந்து அனுப்பினார். அதுவரை மர ஸ்க்ரூவுக்கு முனை மொட்டை. துளை போட்டுத்தான் இறக்க வேண்டும். இவர்கள் உரிமம் வாங்கிய அமெரிக்க மெஷின் கூர்முனையோடு வெட்டித் தள்ளியது. சந்தையே கைக்கு வந்தது.

1873 நவம்பரில் மேயர். மறு வருடமே குடும்பத்தின் பங்கு மொத்தத்தையும் நெட்டில்ஃபோல்டுகளுக்கு விற்றார்கள். 1875இல் இரண்டு காஸ் கம்பெனிகளை 19,53,050 பவுண்டுக்கு நகரசபைக்கு வாங்கினார். முதல் வருடமே 34,000 லாபம். தண்ணீரில் மட்டும் லாபம் பார்க்கக் கூடாது என்றார். கணக்குத் தெரிந்த கை. உனக்கும் அந்தக் கை உண்டு, சின்ன வயதிலிருந்தே.

ஆனால் விற்றதோடு விட்டதா? வந்த பணத்தில் நிறைய தென் அமெரிக்கப் பத்திரங்களுக்குப் போனது, அவை விழுந்தன. இழந்ததைப் பிடிக்க மகன் நெவிலைச் சிசல் என்ற கற்றாழை நார் பயிரிட பஹாமாஸுக்கு அனுப்பினார். அந்த மண்ணில் பயிர் வரவில்லை; ஆறு வருடம், 50,000 பவுண்டு. திரும்பி வந்த மகனுக்குக் கப்பல் படுக்கை செய்யும் ஹாஸ்கின்ஸ் கம்பெனியைக் குடும்பம் வாங்கிக் கொடுத்தது. அது கடற்படைக்குச் சப்ளை. ஜோசப்பின் தம்பி ஆர்தர் தலைவராக இருந்த கைனாக் கம்பெனி ராணுவத்துக்குத் தோட்டா சப்ளை. தென்னாப்பிரிக்காவில் போயர் போர் நடக்கிறது, அண்ணன் ஜோசப் குடியேற்ற நாடுகளின் மந்திரி. 1900 டிசம்பரில் எதிர்க்கட்சி லாயிட் ஜார்ஜ் இதை நாடாளுமன்றத்தில் பிடித்துக்கொண்டார். ஓட்டெடுப்பில் அரசு ஜெயித்தது, பேச்சு நின்றுவிடவில்லை.

இப்போது உன் விஷயம். ஜெயித்தால் 28 நாளுக்குள் சொத்து, பங்கு, கவுன்சிலோடு உள்ள ஒப்பந்தம் எல்லாம் பதிவு செய்ய வேண்டும். அந்த ஊரில் இயங்கும் கம்பெனியில் 25,000 பவுண்டுக்கு மேல் அல்லது நூற்றில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருந்தால் கணக்கில் வரும். பதிவு செய்யாததும், சிறப்பு அனுமதி இல்லாமல் அந்த விஷயத்தில் ஓட்டுப் போடுவதும் குற்ற வழக்கு. சட்டம் உன்னையும் மருமகளையும்தான் கேட்கிறது, தம்பியைக் கேட்காது. அதனால்தான் சொல்கிறேன், தம்பி பெயருக்கு மாற்றாதே. கவுன்சிலின் வாடகை வீடுகளுக்குக் கைப்பிடிக் கம்பி போடுவது உங்கள் பட்டறை என்பது ஊருக்கே தெரியும். விற்பதானால் வெளி ஆளுக்கு, ஆடிட்டர் போட்ட விலைக்கு, பணம் வங்கி வழியாக, வேட்புமனுவுக்கு முன்னால். இல்லையென்றால் அந்த ஒப்பந்தத்தை விட்டுவிடு, வருமானம் குறைந்தாலும் சரி. அவன் நல்லவன்தான். ஆர்தரும் கெட்டவர் இல்லை. தம்பி பெயருக்கு மட்டும் வேண்டாம்.

யார் பெயரில் எத்தனை பங்கு என்பதைக் கம்பெனி பதிவகத்தின் தளத்தில் யாரும் பார்க்கலாம், கோயம்புத்தூரில் உட்கார்ந்துகூட. பெரியப்பா வீட்டுப் பங்குச் சண்டை உனக்கு ஞாபகம் இருக்கும்.

அம்மாவிடம் இதைப் பற்றிப் பேச வேண்டாம். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் போட்டு முடித்துவிடாதே. பதில் எழுது, இல்லை ஞாயிற்றுக்கிழமை போன் செய்.

அன்புடன்,
அப்பா