மழைக்காட்டுக்குள்ள எங்களை மாதிரி ஆளுங்களும் நடக்க வழி பண்ணுங்க: கோரிக்கை மனு

அனுப்புநர்:
வேளச்சேரி ஏரிக்கரை வாக்கிங் கூட்டம், 9 பேர், சென்னை
(பேரு, போன் நம்பர், கையெழுத்து எல்லாம் தனித்தாள்ல வச்சிருக்கோம்)

பெறுநர்:
முதன்மைத் தலைமை வனப் பாதுகாவலர் அவர்கள்,
தமிழ்நாடு வனத்துறை, சென்னை

பொருள்: மேற்குத் தொடர்ச்சி மலை மழைக்காடுகள்ல வயசானவங்களும் பிள்ளைங்களும் போற மாதிரி சின்ன நடைபாதைங்க, அதைப் பத்தின தெளிவான தகவல் வேணும்னு கேட்டு.

வணக்கம் சார். (மேடமா இருந்தா மன்னிச்சுக்கோங்க, மேடம்.)

நான் வேளச்சேரில 17 வருஷமா ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். பட்டா மாத்தணும், முதியோர் பென்ஷன் நின்னுபோச்சு, தெருவுல தண்ணி நிக்குது, எல்லாத்துக்கும் ஏரியாவுக்கே மனு டைப் அடிச்சுக் குடுக்கறது நான்தான். 'தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டு வர விரும்புகிறேன்'னு கண்ணை மூடிட்டே அடிப்பேன். ஆனா எனக்காக எழுத உக்காந்தா அந்த பாஷைல எழுதும்போது சொல்ல வந்த விஷயம் எங்கயோ போய் ஒளிஞ்சுக்குது, அதனால பேசுற மாதிரியே எழுதிடறேன்.

நாங்க 9 பேர் தினமும் காலைல ஏரிக்கரைல நடக்கறவங்க. ரிட்டயர்டு பஸ் டிரைவர் அண்ணன் ஒருத்தர், ஒரு டெய்லர், கார்ப்பரேஷன் ஸ்கூல் டீச்சரும் அவங்க பொண்ணும் (பிளஸ் டூ படிக்குது, பறவைப் பைத்தியம்), மத்தவங்க எல்லாம் வீட்டுல இருக்கறவங்க, மூத்தவங்களுக்கு வயசு 68. எங்க வீட்டுக்கு ரெண்டு ஸ்டாப் தள்ளி கிண்டி நேஷனல் பார்க் இருக்கு, 1978-ல அறிவிச்சது, 3 சதுர கிலோமீட்டர் கூட வராது, ஆனா ஊருக்கு நடுவுல வெளிமானும் புள்ளிமானும் திரியுதுன்னா அது பெரிய பாக்கியம்தான். ஆனா அது மழைக்காடு இல்ல, நம்ம கடற்கரைப் பக்கத்து வறண்ட காடு. அந்தப் பொண்ணு ஒருநாள் 'நம்ம ஸ்டேட்லயே மழைக்காடு இருக்கு, நாம ஒருத்தர் கூட பாத்ததில்ல'ன்னு சொல்லுச்சு, அங்க ஆரம்பிச்சுது எல்லாம்.

வாட்ஸ்அப்ல ஒரு விளம்பரம் வந்துச்சு. மழைக்காடு ட்ரெக், ரெண்டு நாள், பெர்மிஷன் எல்லாம் நாங்க பாத்துக்கறோம், ஆளுக்கு 3,500. யார் நடத்துறதுன்னு இங்க எழுதல, எழுதினா சண்டைதான் வரும். ராத்திரி சென்ட்ரல்ல பாலக்காடு எக்ஸ்பிரஸ் ஏறி காலைல பொள்ளாச்சில இறங்கி, வேன் புடிச்சு, செக்போஸ்ட் வரைக்கும் போயிட்டோம். அங்க இருந்த ஃபாரஸ்ட் கார்டு பெர்மிட் கேட்டார். பெர்மிட்டே இல்ல. போன் போட்டா அந்த ஆளு சுவிட்ச்டு ஆஃப்.

எங்க டிரைவர் அண்ணன் கொஞ்சம் குரல் உசத்தினார், அந்த கார்டு கோவமே படாம ஒரே ஒரு விஷயம் சொன்னார், 'சார், 2018 மார்ச்ல குரங்கணில காட்டுத்தீல 23 பேர் செத்தாங்க, சென்னைல இருந்து வந்தவங்களும் இருந்தாங்க, நீங்க உள்ள எங்க இருக்கீங்கன்னே எங்களுக்குத் தெரியலன்னா நாங்க எங்கன்னு வந்து தேடுவோம்.' அதுக்கப்புறம் யாரும் பேசல. டீ குடிச்சிட்டு திரும்பிட்டோம். பணம் இன்னும் வரல, வராது.

இதைப் புகாரா எழுதல சார். அந்த கார்டு பண்ணது 100 பர்சன்ட் சரி. நான் கேக்கறது, அந்த மாதிரி ஏஜென்ட்டுகிட்ட நாங்க ஏன் போனோம்ங்கற கேள்விதான். முறையான வழி எதுன்னு தெரியாததால போனோம், அவ்ளோதான். 2024 அக்டோபர்ல அரசாங்கம் 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 14 மாவட்டத்துல 40 பாதையைத் திறந்து ஆன்லைன்ல புக் பண்ற மாதிரி கொண்டு வந்தது எங்களுக்கு அந்த அனுபவத்துக்கு அப்புறம்தான் தெரிய வந்துச்சு. நல்ல வேலை சார் அது, மனசார சொல்றேன். பக்கத்து ஊர் பழங்குடிப் பசங்களுக்கே ட்ரெயினிங் குடுத்து வழிகாட்டியா வச்சிருக்கீங்க பாருங்க, அதுதான் அதுல பெரிய விஷயம்.

ரெண்டாவது தடவை டீச்சரோட தம்பி கோயம்புத்தூர்ல இருந்து எல்லாம் விசாரிச்சு முறையா ஏற்பாடு பண்ணி, ஆனைமலை புலிகள் காப்பகம், டாப்சிலிப் போனோம். வெள்ளைக்காரன் காலத்துல மலை மேல இருந்து தேக்கு மரத்தை சரிச்சு விட்ட இடமாம், அதனாலதான் அந்தப் பேரு. அப்புறம் ஹியூகோ வுட்னு ஒரு வன அதிகாரி வந்து காட்டைத் திரும்ப வளத்தார், அவர் சமாதியும் அங்கயே இருக்கு. எங்க டெய்லர் தேக்கு மரத்தையே பாத்து 'ஆஹா மழைக்காடு'ன்னு போட்டோ எடுக்க ஆரம்பிச்சுட்டார். கூட வந்த வழிகாட்டி சிரிச்சுக்கிட்டு 'அண்ணா இது நட்டு வச்ச தேக்கு, காடு இனிமேதான்'னு கரியன் சோலைப் பக்கம் கூட்டிட்டுப் போனார். மலசர் இனத்துப் பையன், 25 வயசு இருக்கும். நடக்கறதுக்கு முன்னாடி அவர் கேட்ட முதல் கேள்வி, 'யாருக்கெல்லாம் மூட்டு வலி?'

சார், உள்ள போனதும் காலைல 9 மணிக்கு சாயங்காலம் ஆன மாதிரி இருட்டு. மழை நின்னு அரை மணி நேரம் ஆகியும் மேல இருந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கு, ஒரு இலைல இருந்து இன்னொரு இலைக்கு, அப்புறம் பாசிக்கு, அப்புறம் மண்ணுக்கு. எங்க ஊர்ல மழை பெஞ்சா நேரா ரோட்டுல விழுந்து வீட்டுக்குள்ள வந்துடுது, அங்க ஒவ்வொரு சொட்டும் நாலு இடத்துல உக்காந்து உக்காந்துதான் கீழ வருது. கோடைல கூட ஓடைல தண்ணி ஓடுறதுக்கு இதான் காரணம்னு அந்தப் பையன் சொன்னார், 2015 வெள்ளத்துல இடுப்பளவு தண்ணில நின்ன நான் அதைக் கேட்டுட்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டேன்.

அட்டைக்கு உப்பு மூட்டை கட்டிட்டுப் போயிருந்தோம், எனக்கு 7 கடிச்சுது, அதை விடுங்க. இருவாச்சின்னு பெரிய அலகு வச்ச பறவை பறந்துச்சு பாருங்க, பாக்கறதுக்கு முன்னாடி சத்தம் கேட்டுச்சு, பழைய கரி எஞ்சின் மூச்சு விடுற மாதிரி. பொண்ணு பறவை மரப்பொந்துக்குள்ள போய் வாயை அடைச்சுக்கிட்டு ஒரு சின்ன கீத்து மட்டும் விட்டு வச்சிருக்குமாம், மாசக்கணக்குல ஆண் பறவை அந்தக் கீத்து வழியாத்தான் பழம் கொண்டாந்து குடுக்குமாம். அது வராமப் போனா உள்ள தாயும் குஞ்சும் பட்டினி. இதைக் கேட்டதுக்கு அப்புறம் எங்க கூட்டத்துல ஒருத்தர் கூட சத்தமாப் பேசல, போர்டு வச்சு 'அமைதி காக்கவும்'னு எழுதியிருந்தா பேசியிருப்போம்.

இப்ப கேக்க வந்ததைக் கேக்கறேன்.

பாதைங்களை ஈஸி, மீடியம், கஷ்டம்னு பிரிச்சிருக்கறது நல்லதுதான், ஆனா ஈஸின்னா யாருக்கு ஈஸி? காலேஜ் பையனுக்கா, முட்டி ஆபரேஷன் பண்ண எங்க அக்காவுக்கா? ஏத்தம் எவ்ளோ, எத்தனை இடத்துல ஓடை தாண்டணும், டாய்லெட் கடைசியா எங்க இருக்கு, எந்த மாசம் அட்டை ஜாஸ்தி, இதை எளிய தமிழ்ல ஒவ்வொரு பாதைக்கும் ஒரு பக்கம் போடுங்க. எங்க கடைக்கு வர்ற பாதிப் பேருக்கு ஆன்லைன் ஃபார்ம்னாலே நாந்தான் அடிச்சுக் குடுக்கணும், அதனால பேசுறதுக்கு ஒரு போன் நம்பரும் வேணும். கிண்டி சிறுவர் பூங்கா வாசல்லயே ஒரு சின்ன கவுண்டர் போட்டா சென்னைக்காரங்களுக்கு எவ்ளோ வசதி தெரியுமா.

மழைக்காட்டுல 2 கிலோமீட்டர், 3 கிலோமீட்டர்னு மெதுவா போற பாதை இன்னும் வேணும், இதுதான் எங்க மெயின் கோரிக்கை. டாப்சிலிப் பக்கம், வால்பாறைப் பக்கம், திருநெல்வேலில களக்காடு முண்டந்துறை பக்கம், எங்க காட்டுக்குத் தொந்தரவு இல்லையோ அங்க. புதுசா காட்டை வெட்ட வேணாம், முன்னாடி மரம் வெட்டி ஏத்திட்டுப் போன பழைய கூப்பு ரோடு, வண்டித் தடம் இருந்தாலே போதும். கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேன், சிமெண்ட் போட்டுடாதீங்க, டைல்ஸ் போட்டுடாதீங்க, கண்ணாடிப் பாலம், செல்ஃபி பாயின்ட் எதுவும் வேணாம். ஒரு பேட்ச்சுக்கு 10 பேருக்கு மேல விடாதீங்க, இருவாச்சி கூடு இருக்கற பாதைய அந்த சீசன்ல மூடிடுங்க. காட்டுத்தீக்குப் பயந்து பிப்ரவரில இருந்து மூடுறதையும் நாங்க எதிர்க்கவே மாட்டோம். மூடுறதை முன்கூட்டி சொல்லுங்க, அவ்ளோதான். நாங்க 500 கிலோமீட்டர் தாண்டி லீவு போட்டு வர்றவங்க, புக் பண்ணதுக்கு அப்புறம் கனமழை, யானை நடமாட்டம்னு மூடினா முந்தின நாளே மெசேஜ் வரணும், காசும் தானா திரும்ப வரணும். 2024 மே மாசத்துல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போன்லயே இ-பாஸ் குடுக்கறாங்க, அது முடியும்போது இதுவும் முடியும்.

வழிகாட்டிங்க விஷயம். தேக்கடில 1990-கள்ல காட்டுக்குள்ள திருட்டுத்தனமா வயணப் பட்டை (காட்டு லவங்கப்பட்டை மாதிரி) உரிச்சுட்டு இருந்தவங்களையே கேரளா வனத்துறை கூப்பிட்டு காவலுக்கும் வழிகாட்டவும் வச்சாங்க. 1987-ல அகத்தியர் மலைக்கு ஆராய்ச்சிக்குப் போன விஞ்ஞானிங்க மூச்சு வாங்கி நின்னப்ப, கூட வந்த காணி பழங்குடி ஆளுங்க ஏதோ ஒரு பழத்தைத் தின்னுட்டு களைப்பே இல்லாம நடந்தாங்களாம், அந்தச் செடி பேரு ஆரோக்கியப்பச்சை, அதுல இருந்துதான் பின்னாடி 'ஜீவனி'ன்னு மருந்து வந்துச்சு, அதுல வந்த பணத்துல காணிங்களுக்கும் பங்கு போச்சு. நம்ம பக்கம் காடர், மலசர், முதுவர், காணி எல்லாருக்கும் அந்த அறிவு இருக்கு சார். டிக்கெட்டுல அவங்களுக்கு எவ்ளோ போகுதுன்னு ரசீதுலயே அச்சடிச்சுக் குடுங்க, எங்களுக்கு அதைப் பாத்துட்டுக் கட்டறதுல ஒரு திருப்தி. காடு மூடுற மாசங்கள்ல அவங்களுக்கு தீத்தடுப்பு வேலையோ வேற ஏதோ கூலியோ நிக்காம இருக்கணும், அந்தப் பையன்கிட்ட 'மூடினா என்ன பண்ணுவ'ன்னு கேட்டதுக்கு பதில் சொல்லாம சிரிச்சார்.

கடைசியா ஒண்ணு. வருஷத்துக்கு நாலு பேட்ச் ஆச்சும் சென்னை கார்ப்பரேஷன் ஸ்கூல் பிள்ளைங்களை இலவசமா கூட்டிட்டுப் போக ஏற்பாடு பண்ணுங்க. டீச்சர் அதுக்குத் தனியா ஒரு லெட்டர் எழுதி இதோட வச்சிருக்காங்க, என்னை விட நல்லா எழுதியிருக்காங்க, அதை முதல்ல படிச்சாலும் சரி.

பர்மிஷன் இருக்கற டூர் ஆளுங்க லிஸ்ட் ஒண்ணு வெளியிட்டா அதை நான் ஏ-3 சைஸ்ல பிரின்ட் எடுத்து கடை வாசல்ல ஒட்டிடறேன், காசு வேணாம். பதில் தமிழ்லயே அனுப்புங்க சார், 9 பேரும் படிக்கணும்.

இப்படிக்கு,
வேளச்சேரி ஏரிக்கரை வாக்கிங் கூட்டம் சார்பா,
ஜெராக்ஸ் கடைக்காரம்மா

இணைப்பு: 9 பேர் கையெழுத்து, டீச்சர் லெட்டர், பொண்ணு வரைஞ்ச இருவாச்சி படம் ஒண்ணு (இது மனுவுக்கு அவசியம் இல்ல, வைக்கச் சொல்லி அடம் புடிச்சுது)