நிலைப்படியில் ஒரு பென்சில் கோடு

மடிப்பாக்கம்
ஞாயிறு ராத்திரி

கண்ணு,

"எல்லாத்தையும் பூட்டிட்டு உன்கிட்டயே வந்துடறேம்மா" என்று நேற்று போனில் சொன்னாய். அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மேல் வீட்டுக் குழாய் வெடித்து பீரோவும் மெத்தையும் பாழாகிவிட்டன. சீலிங் இன்னும் சொட்டிக்கொண்டே இருக்கிறது. ஹீட்டர் போட்டால் வீடே இருட்டாகிறது. பிளம்பர் ஒன்பது நாளாக "நாளைக்கு வந்துடறனுங்க" என்கிறார். இதற்கு நடுவில் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் அந்த ஒற்றை வரி மெயில் வேறு. அழாமல் என்ன செய்வாய்? போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், நீயும் நடுவில் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த மெயில். நாட்பட்ட நீர்க்கசிவு, பாலிசியில் சேராது என்று எழுதியிருக்கிறார்கள். உன்னுடையது பாரத் கிரிஹ ரக்ஷா பாலிசி. 2021 ஏப்ரலில் இருந்து எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் வாசகம் ஒன்றுதான், இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்துக் கொடுத்தது. எதற்கெல்லாம் பணம் உண்டு என்ற பட்டியலை எடுத்துப் பார். வெள்ளம், புயல், இடி மின்னலோடு, தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடிப்பதும் நிரம்பி வழிவதும் தனியாகவே இருக்கும். மாதக்கணக்கில் ஊறி ஊறி வந்த ஓதத்துக்குக் கிடையாது. ஆக எல்லாம் ஒரே கேள்வியில்தான் நிற்கிறது. அன்று ராத்திரி தண்ணீர் கொட்டியதா, கசிந்ததா?

கொட்டியது என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். காகிதத்தில் இருக்கிறதா? அதைத்தான் கேட்கிறேன்.

மிக்ஜாம் புயல் சமயத்தில் நீ ஊரில் இல்லை. 2023 டிசம்பர் 4ஆம் தேதி காலையிலேயே தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. வாசல் படியைத் தொட்டதும் முதல் வேலையாக மெயின் ஸ்விட்சை அணைத்தேன். மதியத்துக்குள் கூடத்தில் தண்ணீர். ஃபிரிட்ஜ் ஒரு பக்கம் சாய்ந்து மிதந்தது. வாஷிங் மெஷினைத் தூக்க எனக்குத் தெம்பில்லை. உன் அப்பா போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. சமையலறை மேடையில் உட்கார்ந்து அன்று நான் அழுத அழுகை யாருக்கும் தெரியாது.

கூடத்து நிலையில் உன் உயரத்தை அப்பா பென்சிலால் குறித்து வைப்பாரே, அந்தப் பக்கத்தை மட்டும் பெயிண்ட் அடிக்க வந்தவர்களைத் தொட விட்டதில்லை. உன் முதல் பிறந்தநாளன்று உன்னைப் பிடித்து நிறுத்திப் போட்ட கோடுதான் அடியில் இருப்பது. தண்ணீர் அதற்கு நாலு விரற்கடை கீழே வந்து நின்றது. அதைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, அவர் பென்சிலையே தேடி எடுத்து அந்த இடத்தில் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் தேதியும் மணியும் எழுதினேன். இஞ்ச் டேப்பைப் பிடித்து போனில் படமும் எடுத்தேன். 27 அங்குலம்.

சேதத்தை மதிப்பிட என் இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்தது பதினோராம் நாள். அதற்குள் சுவர் காய்ந்துவிட்டது, தரையை நான்கு தரம் கழுவியாகிவிட்டது. ஃபிரிட்ஜையும் மெஷினையும் மட்டும் அவர் பார்க்கும் வரை வெளியே போட விடவில்லை. 64,000 ரூபாய் கேட்டிருந்தேன், 11,000 தருவதாகக் கடிதம் வந்தது. வீட்டுக்குள் அவ்வளவு தண்ணீர் வந்ததற்கு ஆதாரம் போதவில்லையாம். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. உடனே போன் போட்டுக் கத்தினேன். எடுத்த பெண் பாவம், உன் வயசுதான் இருக்கும், "மேடம், எனக்கு இதுல எந்த அதிகாரமும் இல்ல" என்றாள். கத்தி முடித்த பிறகும் அந்த 11,000 அப்படியேதான் இருந்தது.

மறுநாள் காலையில் நோட்டை எடுத்து வைத்து நிதானமாக எழுதினேன். எந்தத் தேதியில் தகவல் சொன்னேன், கிளெயிம் நம்பர் என்ன, யார் வந்தார், என்ன கேட்டார், அந்தக் கோட்டின் படம், சர்வீஸ் சென்டரில் கொடுத்த சீட்டு எல்லாம் வைத்து கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்பினேன். ஒரு மாதம் பதில் இல்லை. அதன் பிறகு இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனுக்குப் போனேன், கம்பெனிகள் மேல் நாம் கொடுக்கும் புகாரை விசாரித்துத் தீர்த்து வைக்கிறவர். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவும் கூடாது, நாமே பேச வேண்டியதுதான். விசாரணையில் அந்தப் படத்தைக் காட்டி, "இது என் பொண்ணோட ஒரு வயசுக் கோடு, இதுக்குக் கீழே தண்ணிக் கோடு" என்றேன். 52,000 வந்தது. முழுசு இல்லைதான். மெஷின் பழசு என்றார்கள், அது உண்மை.

நீயும் முதலில் கம்பெனிக்கே எழுது. மெயிலாக இருந்தாலும் கடிதம் மாதிரி, தேதி வாரியாக எழுது. மேல் வீட்டில் வெடித்த எல்போவை, அந்தக் குழாய் வளைவுத் துண்டை, கழற்றி எறிந்துவிட்டார்களா, வைத்திருக்கிறார்களா என்று இன்றைக்கே கேள். இருந்தால் வாங்கி ஒரு கவரில் போட்டு வை. அதை மாற்றிய ஆளிடம் இரண்டு வரி எழுதி வாங்கு. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். தமிழ்நாட்டுக்கு ஆபீஸ் சென்னையில்தான், நான் இருக்கிறேன்.

இப்போது சொட்டுவது வேறு சங்கதி. அதையும் இதையும் கலக்காதே. கலந்தால் அவர்கள் சொன்ன நாட்பட்ட கசிவுக்கு நீயே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். கீழே ஒரு சொம்பு வைத்து ஒரு நாள் முழுக்கக் கவனி. ராத்திரி பகல் ஒரே சீராகச் சொட்டினால் எப்போதும் தண்ணீர் நிற்கிற குழாயில் கோளாறு. மேல் வீட்டில் குளித்து அரை மணிக்கு மட்டும் சொட்டி நின்றால் தண்ணீர் வெளியே போகிற வழியில், அதாவது பாத்ரூம் தரையில் தண்ணீர் இறங்குகிற நானி ட்ராப்பைச் சுற்றியோ டைல்ஸ் இடுக்கிலோ. சந்தேகம் தீர வேண்டுமானால் துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து அவர்கள் பாத்ரூமில் ஊற்றச் சொல். உன் சொம்பில் நீலம் இறங்கினால் அதற்கு மேல் வாக்குவாதம் எதற்கு? மேல் வீட்டு அம்மாவையே கூப்பிட்டுக் காட்டு. நல்ல மனுஷி, பார்த்தால் செய்வார்.

ஹீட்டர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். யார் வந்து "டைரக்டா குடுத்துடலாங்க, ட்ரிப் ஆகாது" என்றாலும் சம்மதிக்காதே. மெயின் போர்டில் இருக்கிற ஆர்.சி.சி.பி. என்கிற பாதுகாப்பு ஸ்விட்ச் விழுகிறது என்றால் எங்கோ கரண்ட் கசிகிறது, உன் உயிரைக் காப்பாற்றத்தான் விழுகிறது. ஹீட்டர் ஸ்விட்சை அணைத்தே வை, பிளக் இருந்தால் பிடுங்கி வை. மற்றதெல்லாம் ஓடி, விழாமல் நின்றால் ஹீட்டரேதான். உன் அபார்ட்மென்டில் குளியலறைக்கு போர் தண்ணீர்தானே வருகிறது? உப்பு படிந்து, உள்ளே தண்ணீரைச் சுட வைக்கிற எலிமென்ட் வெடித்திருக்கும். இங்கே எனக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் போகிறது. எலிமென்டை மாற்றினால் போதும், புது ஹீட்டர் வாங்கச் சொன்னால் இன்னொருவரிடம் கேள். அதுவரை அடுப்பில் வெந்நீர் போட்டுக்கொள்.

பிளம்பரைத் திட்டாதே. அப்பா போன புதிதில் மோட்டார் ஓடவில்லை என்று நான் எலக்ட்ரீஷியனைத் திட்டப்போய், அவர் வரவே இல்லை. நாலு நாள் குடம் குடமாகத் தண்ணீர் தூக்கினேன். கடைசியில் பார்த்தால் ஒரு கெபாசிட்டர். காலை ஏழு மணிக்கு, அவர் வேலைக்குக் கிளம்பும் முன் போன் பண்ணு. என்ன வேலை, என்ன சாமான் வேண்டும் என்று படத்தோடு அனுப்பு. முடிந்ததும் கையோடு பணத்தைக் கொடுத்துவிடு, ஒரு டீயும் கொடு. அடுத்த தரம் உன் நம்பரைப் பார்த்தால் எடுப்பார்.

வெள்ளிக்கிழமை உனக்கு லீவு கிடைக்குமா? கோவை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிட்டேன், மத்தியானம் வந்துவிடுவேன். அப்பாவின் டெஸ்டர், என் பழைய நோட்டு, ஒரு பாட்டில் சொட்டு நீலம் எல்லாம் பையில் வைத்தாயிற்று. கத்திரிக்காய் வாங்கி வை, வந்ததும் குழம்பு வைக்கிறேன்.

அம்மா