அந்த வரியைத் திரும்பப் பெறுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஜூலை 1 மருத்துவர் தினச் சிறப்பிதழை ஒரு பக்கம் விடாமல் வாசித்தேன். டாக்டர்களுக்கு மனநல ஆலோசனையும் தொழில் வழிகாட்டலும் வேண்டும் என்ற கட்டுரையைப் பார்த்ததும், இப்போதாவது எழுதினார்களே என்று சந்தோஷப்பட்டேன். கடைசிப் பத்தியில், "ஊர் நோயைத் தீர்ப்பவரே கவுன்சிலிங் போனால் நோயாளி யாரை நம்புவது?" என்று முடித்திருக்கிறீர்கள். இரண்டு நாளாக அந்த வரி என்னைத் தூங்க விடவில்லை.

எல்லையோர அரசு மருத்துவமனை ஒன்றில் 31 வருஷம் செவிலியராக இருந்தவள் நான். புளியரைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவிலிருந்தும் நோயாளிகள் வருவார்கள். குற்றாலம் சீசன் என்றால் வழுக்கி விழுந்தவர், பைக்கில் மோதியவர் என்று விடிய விடியக் காயக்கட்டுதான். அதோடு பிரசவ வார்டையும் பார்க்க வேண்டும். ஓர் இரவு, பிள்ளை பெற்றவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவே இல்லை. ஊசி, ரத்தம் எல்லாம் ஏற்றியும் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி கிளம்பும் முன்பே போய்விட்டாள். டியூட்டி டாக்டருக்கு 26 வயது. வெளியே உறவுக்காரர்கள் கதவை உடைக்கிறார்கள். காலை ஏழரைக்கு அதே டாக்டர் முகத்தைக் கழுவிக்கொண்டு ஓபியில் உட்கார்ந்தார். அடுத்த வாரம் கலெக்டர் முன்னிலையில் தாய் இறப்புத் தணிக்கை. எந்த ஊசியை எத்தனை மணிக்குப் போட்டாய் என்று கேட்டார்கள். தூங்கினாயா என்று ஒருவரும் கேட்கவில்லை.

"சிஸ்டர், நான் வேற வேலைக்குப் போயிரட்டுமா?" என்று என்னிடம் கேட்டார். "போய்த் தூங்குங்க சார்" என்றேன். எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது. மருத்துவமே வேண்டாமா, பிரசவ வார்டு மட்டும் வேண்டாமா, அல்லது பத்து நாள் ஓய்வு கிடைத்தால் போதுமா என்று அவரோடு உட்கார்ந்து பேச, பயிற்சி பெற்ற ஒருவர் அன்று இல்லை. எட்டாம் மாதம் ராஜினாமா செய்துவிட்டார்.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-ல் தந்த அறிக்கையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கணக்கெடுப்பில் பதில் சொன்ன முதுநிலை மாணவர்களில் 31.2 சதவீதம் பேர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காதீர்கள் என்று அந்தக் குழு கேட்கிறது. 1992-லேயே மத்திய அரசின் ரெசிடென்சி விதி, அதாவது படித்துக்கொண்டே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் டாக்டர்களுக்கான விதி, வாரம் 48 மணி நேரம் என்றது. உங்கள் பத்திரிகையில் இதற்கு எத்தனை வரி ஒதுக்கினீர்கள்? விசாரணை தொடங்கும் முன்பே 'டாக்டர் அலட்சியத்தால் பலி' என்று முதல் பக்கத்தில் போட மட்டும் எப்படியோ இடம் கிடைத்துவிடுகிறது. இதைப் பற்றி முன்பும் இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டும் வரவில்லை.

2023 மே 10 அன்று, மலைக்கு அந்தப் பக்கம் கொட்டாரக்கரை தாலுகா ஆஸ்பத்திரியில், போலீஸ் கூட்டிவந்த ஆள் குத்தியதில் பயிற்சி டாக்டர் வந்தனா தாஸ் இறந்துபோனார். அந்த மாதமே கேரள அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. நல்லது. அந்த இரவு கூட நின்றவர்கள் மறுபடி அதே அறைக்குள் எப்படிக் கால் வைத்தார்கள் என்று எந்த நிருபராவது போய்க் கேட்டாரா?

என் மகளும் முதுநிலைதான் படிக்கிறாள். போன் செய்தால் "நல்லாருக்கேம்மா" என்பதோடு சரி. மனநல டாக்டரைப் பார்க்கச் சொன்னால், துறைத் தலைவர் காதுக்குப் போய்விடும் என்று பயப்படுகிறாள். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017 மனநலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்வதை அவளுக்கு வாசித்துக் காட்டி, போகிறேன் என்று அரை மனதாகச் சொல்ல வைத்திருந்தேன். அந்த வாரம் பார்த்து உங்கள் இதழ் அவள் விடுதிக்குப் போயிருக்கிறது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் அந்த வரியைத் திரும்பப் பெறுவதாகப் போடுங்கள். அதன் கீழே அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம், டாக்டர்களும் பேசலாம் என்று கண்ணில் படும் எழுத்தில் அச்சிடுங்கள்.

என் பெயரை வெளியிட வேண்டாம். மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
செங்கோட்டை.